லக்சம்பர்க்காரங்க நிஜமாவே அவ்வளவு டீசல் எரிக்கிறாங்களா? ஐரோப்பிய எரிபொருள் கணக்கை எப்படி படிக்கணும்

கேள்வி இதுதான்: ஐரோப்பிய நாடுகள்ல போக்குவரத்துக்கு தலைக்கு எவ்வளவு எரிபொருள் செலவாகுதுன்னு ஒரு பட்டியல் பாத்திருக்கீங்க, அதுல லக்சம்பர்க் மத்தவங்களை விட பல மடங்கு மேல நிக்குது, ஆஸ்திரியாவும் மேலதான் இருக்கு, ருமேனியா அடில கிடக்கு, அப்போ லக்சம்பர்க்காரங்க எந்நேரமும் கார்லயே சுத்தறாங்களா, ருமேனியாக்காரங்க சிக்கனமா, உண்மைல யார் அதிகம் யார் கம்மின்னு கேட்டிருக்கீங்க. கொஞ்சம் நீளமா சொல்ல வேண்டிய விஷயம், ஏன்னா இந்த பட்டியலை வச்சு நிறைய பேர் தப்பு தப்பா முடிவு கட்டறாங்க, அரசியல்வாதிகளும் சேத்துதான்.

முதல்ல ஒரு சின்ன கணக்கு போட்டு பாருங்க. கொரோனாக்கு முன்னாடி, 2019 வாக்குல, ஐரோப்பிய யூனியன் சராசரியா தரைல ஓடற போக்குவரத்துக்கு ஒரு ஆளுக்கு வருஷத்துக்கு 0.6 டன் எண்ணெய் அளவு ஆற்றல் செலவாச்சு, லக்சம்பர்க்ல அதுக்கு நாலஞ்சு மடங்கு. லிட்டர்ல சொன்னா ஒரு ஆளுக்கு 3000 லிட்டருக்கு மேல வரும், கைக்குழந்தை, வயசானவங்க எல்லாரையும் சேத்து. 100 கிலோமீட்டருக்கு 6 லிட்டர் குடிக்கிற ஒரு சாதாரண கார்ல அவ்வளவையும் எரிக்கணும்னா ஒவ்வொரு ஆளும் வருஷத்துக்கு 50,000 கிலோமீட்டர் ஓட்டணும். அந்த நாட்டை தெற்கிலேர்ந்து வடக்கு வரைக்கும் கடந்தாலே 82 கிலோமீட்டர்தான். ஏழு லட்சம் பேர் கூட இல்லாத ஊர்ல இது நடக்கிற காரியமே இல்ல, அப்போ அந்த எண்ணெய் எங்கயோ வெளிய போகுதுன்னு அர்த்தம்.

எங்க போகுதுன்னா, பக்கத்து நாட்டு வண்டிகளோட டேங்க்குக்குள்ள. லக்சம்பர்க்ல எரிபொருள் வரி பல வருஷமா பிரான்ஸ், பெல்ஜியம், ஜெர்மனி மூணையும் விட கம்மி, விற்பனை வரியும் கம்மி. அதோட தினமும் இந்த மூணு நாட்டுலேர்ந்தும் 2 லட்சத்துக்கு மேல ஆளுங்க எல்லை தாண்டி அங்க வேலைக்கு வராங்க, அந்த நாட்டுல வேலை செய்றவங்கள்ல கிட்டத்தட்ட பாதி பேர் இப்படி வந்து போறவங்கதான். வேலை முடிஞ்சு திரும்பும்போது டேங்க்கை நிரப்பிட்டு போவாங்க, யாரா இருந்தாலும் அதைத்தான் செய்வாங்க. இவங்க வாங்குற எண்ணெய் லக்சம்பர்க் கணக்குல ஏறும், ஆனா இவங்க தலை மட்டும் பிரான்ஸ் மக்கள்தொகைல, ஜெர்மனி மக்கள்தொகைல இருக்கும். தலைக்கு எவ்வளவுன்னு வகுக்கும்போது மேல இருக்கிற எண்ணும் கீழ இருக்கிற எண்ணும் வேற வேற ஆளுங்களோடது. ஹைவேல பஸ் நிக்கிற ஓட்டல்ல ஒரு நாளைக்கு எத்தனை இட்லி விக்குதுன்னு எண்ணி, அதை அந்த கிராமத்து ஜனத்தொகையால வகுத்தா ஆளுக்கு எத்தனை இட்லி வருமோ அந்த மாதிரி கணக்கு இது.

லாரி கதை இன்னும் பெருசு. ஒரு நீண்ட தூர லாரில 1000 லிட்டருக்கு மேல டீசல் பிடிக்கும், ரெண்டு டேங்க் வச்சிருந்தா 1500 வரைக்கும் போகும், 100 கிலோமீட்டருக்கு 30 லிட்டர்னு வச்சா ஒரு தடவை நிரப்பினா 3000, 4000 கிலோமீட்டர் ஓடலாம். அதாவது நெதர்லாந்து துறைமுகம் ரோட்டர்டாம்ல சரக்கு ஏத்திட்டு ஸ்பெயின் வரைக்கும் போய்ட்டு வர்ற லாரி எந்த நாட்டுல டீசல் போடணும்னு முதலாளியே தேர்ந்தெடுக்கலாம். லிட்டருக்கு 15 சென்ட் வித்தியாசம் இருந்தாலே ஒரு டேங்க்குக்கு 150 யூரோ மிச்சம், நூறு லாரி வச்சிருக்கிற கம்பெனிக்கு இது பெரிய காசு, எங்க நிரப்பணும்னு டிரைவருக்கு ஆபீஸ்லேர்ந்தே உத்தரவு போகும். லக்சம்பர்க்ல இன்னொரு விஷயமும் உண்டு, அங்க எரிபொருள் விலைக்கு அரசாங்கமே உச்சவரம்பு போடுது, அதனால மத்த நாடுகள்ல நெடுஞ்சாலை பங்க்ல ஊருக்குள்ள இருக்கிறதை விட ரொம்ப அதிகமா விலை இருக்கிற மாதிரி அங்க இருக்காது, நெடுஞ்சாலைல நின்னு போட்டாலும் அதே விலைதான். பிரான்ஸ் எல்லைக்கு போற ஏ3 நெடுஞ்சாலைல பெர்ஷெம்னு ஒரு இடத்துல இருக்கிற பங்க் ஐரோப்பாவிலேயே அதிகமா விக்கிற பங்க்குகள்ல ஒண்ணுன்னு பேர் வாங்கினதுக்கு காரணம் இதுதான்.

இப்போ கணக்கு எடுக்கிற முறையை பாக்கணும், ஏன்னா இங்கதான் விஷயத்தோட முடிச்சு இருக்கு. ஐரோப்பிய யூனியனோட புள்ளிவிவர அலுவலகமான யூரோஸ்டாட் வெளியிடற ஆற்றல் கணக்கு ஆகட்டும், ஐநாவுக்கு நாடுகள் கொடுக்கிற பசுமைக்குடில் வாயு கணக்கு ஆகட்டும், ரெண்டுமே ஒரு நாட்டுக்குள்ள எவ்வளவு எரிபொருள் விற்கப்பட்டதுங்கிறதை அடிப்படையா வச்சுதான் எடுக்கிறாங்க. எங்க எரிஞ்சதுன்னு யாரும் பின்னாடியே போய் அளக்க முடியாது, ஆனா எவ்வளவு வித்துச்சுங்கிறது வரி ரசீதுல இருக்கு, கலால் துறைகிட்ட லிட்டர் லிட்டரா கணக்கு இருக்கு. விற்ற இடத்துல எண்ணினா ஒரு லிட்டரும் விட்டுப் போகாது, ரெண்டு தடவையும் எண்ணப்படாது, மொத்த ஐரோப்பாவையும் கூட்டினா சரியா வரும். முழுசா கூட்டறதுக்கு இது நல்ல முறை, ஒரு நாட்டை இன்னொரு நாட்டோட ஒப்பிடறதுக்குன்னு வரும்போதுதான் காலை வாரி விடுது. அதனால காத்து மாசு கணக்கு கொடுக்கிற ஐரோப்பிய ஒப்பந்தத்துல மட்டும் சில நாடுகள் உள்நாட்டுல உண்மையா எரிஞ்ச அளவை வச்சு கணக்கு காட்டலாம்னு ஒரு வழி இருக்கு, வண்டி எண்ணிக்கை, ஓடின கிலோமீட்டர், ஒரு கிலோமீட்டருக்கு எவ்வளவு குடிக்குதுன்னு பெருக்கி எடுப்பாங்க. ரெண்டு முறையும் ஒரே நாட்டுக்கு ஒரே எண்ணைத் தராது, லக்சம்பர்க்ல அந்த இடைவெளி பிரம்மாண்டமா இருக்கும்.

ஆஸ்திரியாவும் இதே கதைதான். ஜெர்மனியையும் இத்தாலியையும் விட டீசல் விலை ரொம்ப காலம் கம்மியா இருந்துச்சு, நடுவுல ஆல்ப்ஸ் மலைல ஆஸ்திரியாவையும் இத்தாலியையும் சேக்கிற ப்ரென்னர் கணவாய், வருஷத்துக்கு 24 லட்சம் லாரி சுமாரா கடந்து போற பாதை. ஆஸ்திரியாவோட சுற்றுச்சூழல் அலுவலகம் இதை டேங்க்குல ஏறி வெளிய போற எரிபொருள்னு தனியா பிரிச்சே காட்டுது, சில வருஷங்கள்ல அவங்க போக்குவரத்து உமிழ்வுல கால்வாசிக்கு பக்கத்துல இதுலேர்ந்தே வந்திருக்கு. அப்போ அந்த நாட்டோட காலநிலை இலக்குல அடுத்த நாட்டு லாரியோட புகையும் ஏறி உக்காந்திருக்கு, ஆனா அந்த விற்பனையோட வரிப்பணமும் அவங்க கஜானாவுக்குத்தான் போகுது. ரெண்டையும் சேத்து பேசாம உமிழ்வை மட்டும் பேசி நாங்க பாவம்னு சொல்றதை நான் ஏத்துக்க மாட்டேன்.

சுவிட்சர்லாந்து கொஞ்சம் சுவாரசியமான வழக்கு. ஐரோப்பால அநேகமா எல்லா நாட்டுலயும் டீசலுக்கு பெட்ரோலை விட வரி கம்மி, சுவிட்சர்லாந்துல டீசலுக்குத்தான் கொஞ்சம் கூட. அதனால பல வருஷமா இத்தாலிக்காரங்களும் ஜெர்மன்காரங்களும் பெட்ரோல் போட சுவிஸ் எல்லைக்குள்ள வருவாங்க, டீசல் வண்டி வச்சிருக்கிற சுவிஸ்காரங்க வெளிய போவாங்க. இத்தாலியோட லொம்பார்டி மாநிலம் தன் எல்லையோர ஜனங்க சுவிஸ் பங்க்குக்கு ஓடறதை நிறுத்தறதுக்காக எல்லைலேர்ந்து எத்தனை கிலோமீட்டர்ல வீடு இருக்குன்னு பாத்து பெட்ரோல் தள்ளுபடி கார்டே கொடுத்துச்சு. அப்புறம் 2015 ஜனவரி 15-ல சுவிஸ் மத்திய வங்கி ஒரு யூரோவுக்கு 1.20 ஃப்ராங்குக்கு கீழ விட மாட்டோம்னு வச்சிருந்த பிடியை திடீர்னு விட்டுச்சு, ஃப்ராங்க் மதிப்பு ஏறிச்சு, யூரோல சம்பளம் வாங்குறவங்களுக்கு சுவிஸ் பெட்ரோல் விலை கூடிடுச்சு, எல்லையோர விற்பனை இறங்கிடுச்சு. அந்த வருஷத்து புள்ளிவிவரத்தை மட்டும் பாத்துட்டு சுவிஸ்காரங்க கார் ஓட்டறதை குறைச்சுட்டாங்கன்னு சொன்னா தப்பு.

விலை வித்தியாசம் எவ்வளவு சீக்கிரம் வேலை செய்யும்னு பாக்க ஹங்கேரியை பாருங்க. 2021 நவம்பர்ல அரசாங்கம் பெட்ரோல் டீசல் லிட்டருக்கு 480 ஃபோரின்ட்டுக்கு (அந்த ஊர் பணம்) மேல விக்கக்கூடாதுன்னு உத்தரவு போட்டுச்சு. அடுத்த சில மாசத்துல உக்ரைன் போர் ஆரம்பிச்சு சுத்தி இருக்கிற எல்லா நாட்டுலயும் விலை எகிறிச்சு, ஹங்கேரில மட்டும் அதே 480. ஸ்லோவாக்கியா, ஆஸ்திரியா, ருமேனியா எல்லைலேர்ந்து வண்டிங்க வரிசை கட்டி வந்துச்சு, 2022 மே கடைசில ஹங்கேரி நம்பர் பிளேட்டுக்கு மட்டும்தான் அந்த விலைன்னு மாத்தினாங்க, அப்பவும் சமாளிக்க முடியல, பல பங்க்ல சரக்கு தீந்து போச்சு, 2022 டிசம்பர் 6-ல உச்சவரம்பை எடுத்துட்டாங்க. 2022 ஹங்கேரி புள்ளிவிவரத்தை எடுத்து அங்க திடீர்னு ஓட்டம் கூடிடுச்சுன்னு வரைபடம் போடறவங்க இருக்காங்க, இந்த பின்னணி தெரியாம அந்த வருஷத்தை தொடவே கூடாது.

ஆக ருமேனியா ஏன் கம்மியா தெரியுதுங்கிறதுக்கும் பாதி பதில் இதுலயே இருக்கு. ஐரோப்பிய யூனியன்ல சரக்கு லாரி ஓட்டத்துல அஞ்சுல ஒரு பங்கு போலந்து நம்பர் பிளேட் வண்டி, ஆள்தொகையோட ஒப்பிட்டா லிதுவேனியா அதை விட பெரிய ஆளு, ருமேனிய லாரிகளும் மேற்கு ஐரோப்பா பூரா ஓடுது. இந்த வண்டிங்க ஜெர்மனிலயும் பெல்ஜியத்துலயும் ஓடும்போது அங்கங்க போட்ட டீசல் அந்தந்த நாட்டு கணக்குல போகும், லாரி எந்த ஊர் கம்பெனியோடதுன்னு எண்ணெய் கணக்குக்கு தெரியாது. சரக்கு யாரோடதுன்னும் தெரியாது, பாரிஸ்ல ஒருத்தர் ஆர்டர் பண்ண சோஃபாவை போலந்துலேர்ந்து லிதுவேனிய லாரி கொண்டு வந்து, வழில லக்சம்பர்க்ல டீசல் போட்டா, அது லக்சம்பர்க் தலையில.

மீதி பாதி பதில் நிஜமான வித்தியாசம். ருமேனியால 1000 பேருக்கு 400 சொச்சம் கார்தான், யூனியன் சராசரி 570 சுத்தி. வருமானம் கம்மி, அதனால வருஷத்துக்கு ஓட்டற தூரமும் கம்மி. இதை சிக்கனம்னு பாராட்டறது எனக்கு பிடிக்காது, வசதி வர வர அங்க கார் எண்ணிக்கை வேகமா ஏறிட்டுதான் இருக்கு. அதே சமயம் கார் எண்ணிக்கையை மட்டும் வச்சும் முடிவு பண்ண முடியாது, இத்தாலில 1000 பேருக்கு கிட்டத்தட்ட 700 கார், யூனியன்லயே முதல் வரிசை, ஆனா தலைக்கு எரிபொருள்ல இத்தாலி அந்த அளவுக்கு மேல இல்ல, சின்ன கார், குறைஞ்ச ஓட்டம், வீட்டுக்கு ரெண்டாவது மூணாவது வண்டி சும்மா நிக்கும்.

அடுத்து லிட்டர் விஷயம். ஒரு லிட்டர் பெட்ரோல்ல 32 மெகாஜூல் சுத்தி ஆற்றல், ஒரு லிட்டர் டீசல்ல 36 சுத்தி, எரிச்சா பெட்ரோல் லிட்டருக்கு 2.3 கிலோ கார்பன் டை ஆக்சைடு, டீசல் 2.6 கிலோவுக்கு மேல. அதனால டீசல் அதிகமா ஓடற நாட்டையும் பெட்ரோல் அதிகமா ஓடற நாட்டையும் லிட்டர்ல ஒப்பிட்டா டீசல் நாடு சும்மாவே பத்து சதவீதத்துக்கு மேல நல்லவங்க மாதிரி தெரியும். இந்த கலவை நாட்டுக்கு நாடு எக்கச்சக்கமா மாறும், எல்லாத்துக்கும் பின்னாடி ஒரு சட்டம் இருக்கும். பிரான்ஸ்ல டீசலுக்கு வரி சலுகை கொடுத்து கொடுத்து 2008 வாக்குல புதுசா விக்கிற கார்ல 70 சதவீதத்துக்கு மேல டீசல் ஆயிடுச்சு, அதே காலத்துல கிரீஸ்ல ஏதென்ஸ்லயும் தெசலோனிகிலயும் சொந்த டீசல் கார் ஓட்டவே தடை, 2011-லதான் எடுத்தாங்க. அயர்லாந்து 2008-ல வாகன வரியை கார்பன் அளவை வச்சு மாத்தினதும் அங்க எல்லாரும் டீசலுக்கு தாவினாங்க. அப்புறம் 2015 செப்டம்பர்ல ஃபோக்ஸ்வேகன் கம்பெனி டீசல் கார் புகை சோதனைல ஏமாத்தின மோசடி வெளிய வந்துச்சு, டீசல் கார் மவுசு சரிய ஆரம்பிச்சு இன்னிக்கு புது கார்ல டீசல் பங்கு ரொம்ப சின்னது, ஆனா ரோட்டுல ஓடற பழைய கார்ல இன்னும் நிறைய இருக்கு.

எல்பிஜியை மறந்துடக்கூடாது. போலந்துல 30 லட்சத்துக்கு பக்கமா எல்பிஜி கார் ஓடுது, இத்தாலில எல்பிஜியும் இருக்கு மீத்தேன் கேஸ் வண்டியும் இருக்கு. பெட்ரோல் டீசல் மட்டும் எடுத்த பட்டியல்ல இந்த ரெண்டு நாடும் கம்மியா தெரியும், எல்பிஜியை லிட்டர்ல சேத்தா கூடுதலா தெரியும், ஏன்னா ஒரு லிட்டர் எல்பிஜில ஆற்றல் பெட்ரோலை விட கால்வாசி கம்மி. அதனாலதான் விஷயம் தெரிஞ்சவங்க லிட்டரை விட்டுட்டு எண்ணெய் சமமான டன்னோ டெராஜூலோ, அதாவது ஆற்றலை நேரா அளக்கிற அலகு வச்சு பேசுவாங்க.

ஆற்றல்ல ஒப்பிட்டாலும் ஒரு கேள்வி பாக்கி, அந்த எரிபொருள் நிலத்துக்கடிலேர்ந்து வந்ததா தாவரத்துலேர்ந்து வந்ததா. ஸ்வீடன் 2018-லேர்ந்து எரிபொருள் விக்கிறவங்க பயோ எரிபொருள் கலந்தே ஆகணும்னு கட்டாயம் போட்டுச்சு, 2022, 2023-ல டீசலுக்கு உமிழ்வை 30.5 சதவீதம் குறைக்கிற அளவுக்கு கலக்கணும்னு இருந்துச்சு. புது அரசாங்கம் வந்து 2024 ஜனவரிலேர்ந்து 6 சதவீதமா வெட்டிட்டாங்க, பங்க்ல விலை இறங்கிச்சு, அந்த வருஷமே ஸ்வீடனோட உமிழ்வு கூடிடுச்சு. ஓட்டற ஜனம் மாறல, வண்டி மாறல, டேங்க்குல ஊத்தற கலவை மாறினதுலயே ஒரு நாட்டோட கார்பன் கணக்கு இப்படி ஆடுது. எனக்கு இதுல வருத்தம்தான், பல வருஷ உழைப்பை ஒரே புத்தாண்டுல பின்னாடி தள்ளிட்டாங்க.

போக்குவரத்துன்னு சொன்னா எதெல்லாம் சேரும்னும் பாக்கணும். விமானத்தை சேத்தா நெதர்லாந்து, அயர்லாந்து, மால்டா, ஐஸ்லாந்து எல்லாம் மேல ஏறிடும், ஆம்ஸ்டர்டாம் விமான நிலையமான ஸ்கிப்போல்ல நிரப்பின விமானத்துல போறவங்கள்ல மூணுல ஒரு பங்கு சுமாரா வெறும் கனெக்டிங் ஃப்ளைட் பிடிக்க வந்த பயணிகளா இருந்தாலும். யூரோஸ்டாட் 2019-ல முறையை மாத்தி சர்வதேச விமான எரிபொருளை தனி வரிசையா எடுத்து வச்சிருக்கு, ஆனா யூனியனோட ஆற்றல் சிக்கன இலக்குக்கான கணக்குல அது உள்ள இருக்கு, அதனால ஒரே நிறுவனத்தோட ரெண்டு அட்டவணைல ரெண்டு எண் வரும், ரெண்டும் சரிதான். சர்வதேச கப்பல் எரிபொருளை எப்பவும் வெளிய வைப்பாங்க, வைக்கலேன்னா ரோட்டர்டாம் ஒண்ணே நெதர்லாந்தை தூக்கிடும். உலக நாடுகளோட தலைக்கு எண்ணெய் பட்டியல்ல ஜிப்ரால்டர் உச்சில நிக்கிறதை பாத்திருப்பீங்க, 40,000 பேர் கூட இல்லாத ஊர், அங்க கப்பல்ங்க வந்து எண்ணெய் நிரப்பிட்டு போகுது, அவ்வளவுதான். மின்சார ரயில் எரிபொருள்ல வராது, போக்குவரத்து ஆற்றல்ல வரும், டிராக்டர் டீசல் விவசாயத்துல போகும். பட்டியலோட தலைப்பை படிக்காம எண்ணை படிக்கிறதுல அர்த்தமே இல்ல.

நாட்டுக்கு நாடு கார் எவ்வளவு குடிக்குதுன்னு ஒப்பிடறதுக்கு வரேன், ஏன்னா இதையும் மேல இருக்கிறதோட குழப்பிக்கிறாங்க. நம்ம ஊர்ல லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர்னு மைலேஜ் பேசுவோம், ஐரோப்பால 100 கிலோமீட்டருக்கு எத்தனை லிட்டர்னு பேசுவாங்க, பிரிட்டன்ல கேலனுக்கு எத்தனை மைல்னு, அதுவும் 4.546 லிட்டர் இருக்கிற அவங்க கேலன், அமெரிக்க கேலன் வேற. ஐரோப்பிய முறைதான் ஒப்பிட நல்லதுன்னு நான் நினைக்கிறேன். 1000 கிலோமீட்டர் ஓட்டறவருக்கு மைலேஜ் 10-லேர்ந்து 12 ஆனா 17 லிட்டர் சுமாரா மிச்சம், 20-லேர்ந்து 25 ஆனா 10 லிட்டர்தான் மிச்சம், மைலேஜ் எண்ணை பாத்தா ரெண்டாவதுதான் பெரிய சாதனை மாதிரி தெரியும். குடிகார பெரிய வண்டியை கொஞ்சம் திருத்தறதுல கிடைக்கிற லாபம் இப்படி கண்ணுக்கு மறைஞ்சு போகுது.

கம்பெனி சொல்ற எண்ணையும் அப்படியே எடுக்காதீங்க. பழைய சோதனை முறைல வந்த எண் ரோட்டுல வர்றதை விட ரொம்ப கம்மியா இருந்ததால 2017 செப்டம்பர்லேர்ந்து டபிள்யூஎல்டிபின்னு புது முறை கொண்டு வந்தாங்க, கூடவே 2021-லேர்ந்து புது கார் எல்லாத்துலயும் உண்மையா எவ்வளவு குடிச்சதுன்னு பதிவு பண்ற கருவியை கட்டாயமாக்கினாங்க. அந்த தரவை ஐரோப்பிய ஆணையம் 2024 மார்ச்ல வெளியிட்டுச்சு, பெட்ரோல் டீசல் கார் சொன்னதை விட 20 சதவீதம் சுத்தி அதிகம் குடிக்குது, பெட்ரோல் இன்ஜினும் இருக்கு, சார்ஜ் போட்டும் ஓட்டலாம்ங்கிற பிளக் இன் ஹைப்ரிட் கார் சொன்னதை விட மூன்றரை மடங்கு. காரணம் எளிசு, ஆபீஸ் கொடுத்த கார், பெட்ரோல் கார்டும் ஆபீஸ் கொடுத்தது, யார் தினமும் வயரை சொருகி சார்ஜ் போடுவா. பெல்ஜியம், ஜெர்மனி மாதிரி ஆபீஸ் கார் நிறைய இருக்கிற நாடுகளோட புது கார் சராசரி காகிதத்துல அழகா தெரியறதுக்கும் பங்க்ல விற்பனை அந்த அளவுக்கு குறையாததுக்கும் இது ஒரு முக்கிய காரணம். இதை இன்னும் பலர் பேசறதில்லைங்கிறது எனக்கு பெரிய ஆதங்கம், ஏன்னா வரிச்சலுகை எல்லாம் அந்த காகித எண்ணை நம்பித்தான் கொடுத்தாங்க.

சரி, எல்லையோர விற்பனை, லிட்டர், விமானம் எல்லாத்தையும் கழிச்சுட்டா நிஜமான வித்தியாசம் எதுலேர்ந்து வருது? வரி முதல் ஆளு. யூனியன் 2003-ல போட்ட விதிப்படி பெட்ரோலுக்கு லிட்டருக்கு 35.9 சென்ட், டீசலுக்கு 33 சென்ட் கீழ்வரம்பு, அதுக்கு மேல அவங்கவங்க இஷ்டம், ஜெர்மனி பெட்ரோலுக்கு 65.45 சென்ட் போடுது, நெதர்லாந்து அதுக்கும் மேல. கார் வாங்கும்போதே அடிக்கிற வரி ரெண்டாவது, டென்மார்க்ல கார் விலைக்கு மேல அதை விட பெரிய பதிவு வரி பல பத்து வருஷமா இருந்ததால அங்க வருமானத்துக்கு ஏத்த அளவு கார் இல்ல, இருக்கிற காரும் சின்னது. நெதர்லாந்துல நாலு பயணத்துல ஒண்ணுக்கு மேல சைக்கிள்லயே போறாங்கன்னு எல்லாரும் சொல்லுவாங்க, உண்மைதான், ஆனா சைக்கிள் பயணம் எல்லாம் சின்ன தூரம், மொத்த கிலோமீட்டர்ல அதோட பங்கு சின்னது, எரிபொருள்ல நினைக்கிற அளவு மிச்சம் வராது. அதோட வரி அதிகம்ங்கிறதால எல்லையோர டச்சுக்காரங்க ஜெர்மனிலயும் பெல்ஜியத்துலயும் போய் நிரப்பறாங்க, லக்சம்பர்க்குக்கு நேர் எதிர், இங்க எரிஞ்சதை விட விற்றது கம்மி.

சரக்குல சுவிட்சர்லாந்தை விட்டா எனக்கு சொல்ல வேற நாடு தோணல. 1994-ல ஜனங்களே வாக்கெடுப்புல ஆல்ப்ஸை கடக்கிற சரக்கை ரயில்ல ஏத்தணும்னு அரசியல் சாசனத்துல எழுத வச்சாங்க, 2001-ல லாரிக்கு எடையும் தூரமும் வச்சு கட்டணம் போட்டாங்க, அந்த காசுல லூச்பெர்க், கோட்டார்ட், செனெரின்னு சுரங்கம் குடைஞ்சாங்க, கோட்டார்ட் அடிவார சுரங்கம் 57 கிலோமீட்டர், 2016-ல திறந்தாங்க. 2000-ல 14 லட்சம் லாரி ஆல்ப்ஸை கடந்துச்சு, இப்போ 10 லட்சத்துக்கும் கம்மி, சரக்குல 70 சதவீதம் சுமாரா ரயில்ல போகுது. பக்கத்துல ஆஸ்திரியாவோட ப்ரென்னர் ஒண்ணுலயே சுவிஸ் கணவாய் எல்லாத்தையும் சேத்ததை விட ரெண்டு மடங்குக்கு மேல லாரி. மலை ஒண்ணுதான், சரக்கும் இத்தாலிக்கும் ஜெர்மனிக்கும் போற அதே சரக்குதான், கட்டணமும் டீசல் விலையும்தான் வேற. ஆனா சுவிஸ்காரங்களையும் முழுசா பாராட்ட முடியாது, ரயில்ல அதிக தூரம் போற அதே ஜனம் வாங்குற கார் ஐரோப்பாலயே கனமான, பெரிய இன்ஜின் கார்கள்ல வரும், நாலு சக்கரத்துக்கும் இழுவை இல்லாம திருப்தி இல்ல.

நார்வேக்கு தனி இடம் கொடுக்கணும். 2001-லேயே மின்சார காருக்கு விற்பனை வரியை எடுத்தாங்க, 2024-ல புது கார்ல 89 சதவீதம் முழு மின்சாரம், அதே வருஷம் செப்டம்பர்ல ரோட்டுல இருக்கிற மின்சார கார் எண்ணிக்கை பெட்ரோல் காரை தாண்டிடுச்சு. ஒரு பெட்ரோல் கார் 100 கிலோமீட்டருக்கு 6.5 லிட்டர் குடிச்சா அது கிட்டத்தட்ட 58 கிலோவாட் மணி, மின்சார கார் அதே தூரத்துக்கு 20 போதும், அதனால நார்வேல மக்கள் ஓட்டறதை குறைக்காமலே ஆற்றல் கணக்கு இறங்குது, மின்சாரமும் பெரும்பாலும் நீர்மின்சாரம். அப்படியும் மொத்த எரிபொருள் விற்பனை மெதுவாதான் இறங்குது, டீசல் கார் இன்னும் நிறைய, லாரி, வேன், கட்டட வேலை வண்டி எல்லாம் டீசல்தான், புது கார் சதவீதம் ரோட்டுக்கு வந்து சேர பதினஞ்சு வருஷம் பிடிக்கும். கிரீஸ்ல கார்களோட சராசரி வயசு 17-ஐ தாண்டுது, அங்க இந்த மாற்றம் எவ்வளவு காலம் எடுக்கும்னு யோசிச்சுக்கோங்க.

இப்போ உங்க கேள்விக்கு நேரா பதில். யார் அதிகம்னா, விற்பனைல லக்சம்பர்க், ஆனா அங்க வாழறவங்க எரிக்கிறது அந்த எண்ணோட ஒரு சின்ன பங்கு, கழிச்சு பாத்தா பணக்கார மேற்கு ஐரோப்பிய நாடுகளோட ஒட்டிதான் வரும். யார் கம்மின்னா ருமேனியா மாதிரி வருமானம் குறைஞ்ச நாடுகள், அது வருஷா வருஷம் ஏறுது. ரெண்டு நாட்டை நீங்களே ஒப்பிடணும்னா யூரோஸ்டாட்ல சாலைப் போக்குவரத்தை மட்டும் தனியா எடுங்க, டெராஜூல்ல எடுங்க, ஒரு வருஷம் எடுக்காம 2010-லேர்ந்து வரிசையா எடுங்க, 2020 கொரோனா பள்ளத்தையும் 2022 விலைக் குழப்பத்தையும் குறிச்சு வச்சுக்கோங்க, கார் ஓட்டத்தையும் லாரி ஓட்டத்தையும் பிரிக்க முடிஞ்சா பிரிங்க, பக்கத்து நாட்டு டீசல் விலையை கூடவே போட்டு பாருங்க. எல்லைல 10 சென்ட்டுக்கு மேல வித்தியாசம் இருக்கிற சின்ன நாடா இருந்தா தலைக்கு எவ்வளவுங்கிற எண்ணை விட்டுடுங்க, அந்த நாட்டுல பதிவான வண்டிங்க ஓடின கிலோமீட்டரை தேடி எடுங்க, அதை வச்சு கணக்கு போட்டாத்தான் அங்க இருக்கிற ஜனங்களைப் பத்தி ஏதாவது சொல்ல முடியும்.